கஞ்சக் கடல்

வியாழன், காலை 8.40, கனகசெட்டிக்குளத்திலிருந்து புதுச்சேரி வரும் பேருந்து என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவிகள்.

“கடல் கஞ்சன்னு எழுதி பாஸ் ஆயிட்டேன்டி!”

“என்னாடி உளர்ற?”

“தற்குறிப்பேற்ற அணிக்கு உதாரணம் கேட்டாங்கல்ல? அலை பின்னால போறத, மீன குடுக்க மனசில்லாம கடல் கைய இழுத்துக்குதுன்னு நானே எழுதுனேன். புக்குல இல்லன்னு சார் முட்டை போட்டாரு. அதாலதான் ஃபெயிலு.”

“அப்புறம்?”

“தானா நடக்குறதுக்கு நம்மளா ஒரு காரணத்த ஏத்திச் சொல்றதுதான சார் அந்த அணின்னு நேராவே கேட்டேன். ரெண்டு வாட்டி படிச்சாரு. அஞ்சு மார்க்கும் போட்டுட்டாரு!”

“மீன்காரர் வீட்ல புலவர் பொறந்துட்டாங்கடி!”

“அடுத்த வருஷப் பசங்களுக்கு என் உதாரணத்ததான் நடத்தப் போறாராம்!”

இந்தக் கடைசிச் செய்தியை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.