விழத் தெரியாதவன்

இருந்தவர்கள்:

ரெமேதியோஸ். வில்யார்தா கால்பந்து மைதானத்தை ஒட்டிய மதுக்கடை அவளுடையது. தமியானின் தாய்.

எலாதியோ. வில்யார்தா கால்பந்துக் குழுவின் தலைவர். தொழில், டயர் கடை. வருகிற வியாழக்கிழமை வரை தலைவர் என்பது மட்டும் உறுதி.

பெர்மின். கோல்கீப்பர். வலது கை ஐஸ் வாளிக்குள்.

ஒரு ரேடியோ. ஒரு தொலைபேசி.

மே மாதம், ஞாயிறு, சாயங்காலம். சீசனின் கடைசி நாள்.

*

— அப்ப நாம விழுந்துட்டோமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க தலைவரே.

— நிதானமா கேளு ரெமே. விழல. ஆனா விழலன்னும் சொல்ல முடியாது.

— விழுறதப் பத்தி தலைவர்கிட்டதான் கேக்கணும் அத்தை. அவர் ஆடுன காலத்துல காத்து தள்ளுனாலே பாக்ஸ்ல விழுந்து பெனால்டி வாங்கிருவாராம். எங்கப்பா சொல்லுவாரு.

— பெர்மின், நீ பேசாத. மதியம் பந்தக் கால் சந்துல விட்டுட்டு இப்ப என் ஐஸ் வாளியில கைய விட்டுக்கிட்டு உக்காந்திருக்க.

— கால் சந்துல விட்டதுக்கு கைக்கு எதுக்கு ஐஸுன்னு கேளுங்க அத்தை.

— எதுக்கு?

— அப்புறமா கோல் கம்பத்தக் குத்துனேன்.

— இன்னிக்கு நீ சரியாக் குறி பாத்தது அது ஒண்ணுதான். தலைவரே, சூரியகாந்தி விதையத் தின்னுட்டு ஓட்டத் தரையில துப்பாதீங்க. நான்தான் பெருக்கணும். சொல்லுங்க. மதியம் மேட்ச் முடிஞ்சுபோச்சு, தோத்துட்டோம். இன்னும் எதுக்கு ரேடியோ?

— நிதானமா கேளு. பட்டியல்ல நாம கீழருந்து நாலாவது. கீழ இருக்கிற மூணு பேருதான் இறங்கணும்.

— அப்ப தப்பிச்சோம்.

— இரு. நமக்கு மேல ஒரு டிவிஷன் இருக்குல்ல? அதுலருந்து நம்ம மாநிலத்துக்காரன் ஒருத்தன் விழுந்தான்னா, வந்து உக்கார்றது நம்ம டிவிஷன்ல. இங்க இடம் அவ்வளவுதான். அவனுக்கு இடம் விட இங்க ஒருத்தன் எந்திரிக்கணும்.

— யாரு எந்திரிக்கணும்?

— கீழருந்து நாலாவது.

— நாம ஒண்ணுமே பண்ணாம இருக்கும்போதேவா?

— சத்தியமா அத்தை, இந்த வருஷம் பூரா நாங்க ஒண்ணுமே பண்ணல.

— வாய மூடு பெர்மின். சரி, மேலருந்து விழப்போறவன் யாரு தலைவரே?

— பாலத்துக்கு அந்தப்பக்கம்.

— காஸ்த்ரேகாவா?

— அத்தை! அந்தப் பேரச் சொன்னவங்க கடையில இருக்கிறவங்களுக்கெல்லாம் ஒரு பீரு வாங்கித் தரணும்னு போர்டு எழுதி மாட்டுனதே நீங்கதான்.

— அந்தாண்ட இருக்கு, எடுத்துக்க. என்ன கண்றாவி இது. அவனுங்க தோத்தா இந்த ஊரே வெடி வெடிக்கும். நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த நாள்லருந்து அப்படித்தான்.

— இன்னிக்கு அவனுங்க ஜெயிச்சாகணும் ரெமே. ஜெயிச்சா அவனுங்களும் நிப்பானுங்க, நாமளும் நிப்போம். இல்லேன்னா விழுந்து நம்ம தலை மேல உக்காருவானுங்க.

— அதான் சதுக்கத்துல அத்தனை பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறானுங்களா?

— நான் அந்த வழியாத்தான் வந்தேன் அத்தை. மருந்துக்கடைக்காரரு இருக்காருல்ல, அவனுங்களுக்குக் கார்னர் கெடைச்சதும் கை தட்டிட்டாரு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ரெண்டு கையையும் பையில ஒளிச்சுக்கிட்டாரு.

— இப்ப என்ன கணக்குல இருக்கு?

— சைபர் சைபர். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. ஜன்னலத் திறந்து வைங்க அத்தை, ஆத்தைத் தாண்டி சத்தம் வரும். ரேடியோவ விட அது சீக்கிரம் வருது.

— வேணாம்.

— ஏன்?

— யாரு பேரக் கத்துவானுங்கன்னு உனக்குத் தெரியும்.

— இப்ப தமியான்தான் அவனுங்களுக்குக் கோல் அடிக்கிற ஒம்பதாம் நம்பர். வேற யாரு பேர...

— எனக்குப் பிள்ளை இல்ல. ஜனவரியில, சீசன் பாதியில, பிறந்து வளந்த ஊர விட்டுட்டு தானா அந்தப்பக்கம் போனான். அன்னிக்கே பின்வாசல்ல தாழ்ப்பாள் போட்டேன். அதோட சரி.

— சரின்னா அலமாரியில இருக்கிற போனு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மேட்ச் முடிஞ்சதும் எதுக்கு அடிக்குது? நீங்க காப்பி மெஷின ஓட விட்டுட்டு காது கேக்காதவங்க மாதிரி நிக்கிறீங்க.

— நீ கோலுக்கு முன்னாடி நிக்கிற மாதிரியா?

— சத்தியமா அத்தை, இன்னொரு பீரு எடுத்துக்கிறேன்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. ஏதோ சத்தம் வருது. ரெமே, அந்த ஜன்னலத் திற.

— நீங்களே திறங்க.

— கேக்குதா? அலறுறானுங்க. கோலா? பெர்மின், ரேடியோ சத்தத்தக் கூட்டு.

— "...விழுந்தார் தமியான்! பெனால்டி பாக்ஸுக்குள் விழுந்துவிட்டார்! ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார், பெனால்டி! பெனால்டி! ஆனால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது நேயர்களே. பக்கத்தில் இருந்த ஆள் அவரைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. என்ன அழகான விழுகை! ரெஃப்ரி அப்படியே ஏமாந்துவிட்டார்..."

— தமியானா? தமியானா விழுந்தான்? சத்தியமா நம்ப மாட்டேன்.

— ஏன்டா, அவன் விழக் கூடாதா?

— அவனுக்கு வராது அத்தை. கோச்சு ஒரு கோடை பூரா சொல்லிக் குடுத்தாரு. ஃப்ரிட்ஜ் சாயற மாதிரி சாய்வான். சாயறதுக்கு முன்னாடியே கைய ஊனிப்பான். விழுந்தப்புறம் ரெஃப்ரிய நிமிந்து பார்ப்பான், தப்பு பண்ணிட்டமோன்னு. அவனால எங்களுக்கு ஒரு பெனால்டி கெடைச்சதில்ல.

— அது வாஸ்தவந்தான். சின்னதுல பந்தடிச்சுக் கண்ணாடிய உடைச்சா, நான் பாக்கறதுக்கு முன்னாடி அவனே வந்து நின்னுருவான். பொய் அந்த மூஞ்சியில ஒட்டாது.

— உஷ். அடிக்கப் போறான்.

— யாரு அடிக்கிறா?

— அவனேதான். அத்தை, எங்க போறீங்க?

— பாத்திரம் கெடக்கு, கழுவணும்.

— சத்தம் கேக்குது! ஆத்துக்கு அந்தப்பக்கம் சத்தம் கேக்குது! கோல்! ரேடியோ இன்னும் சொல்லல, ஆனா கோல்! அத்தை, தமியான் அடிச்சுட்டான்! தலைவரே, நாம தப்பிச்சோம்! தப்பிச்சோம்தானே?

— இரு. விசில் ஊதட்டும். நிதானமா இரு.

— "...முடிந்தது! ஆட்டம் முடிந்தது! காஸ்த்ரேகா தப்பித்தது!"

— ரேடியோவும் ஒரு பீரு வாங்கித் தரணும். சதுக்கத்துல பாடுறானுங்க, கேளுங்க. நம்ம பாட்டு. ஐயையோ, நடுவுல அவனுங்களத் திட்டுற அடி வருதே... நிறுத்திட்டானுங்க. என்ன பாடுறதுன்னு தெரியல போல.

— ரெமே, கைய அலம்பிட்டு வந்து இப்படி உக்காரு. ஒண்ணு சொல்லணும்.

— நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லுங்க.

— தமியான் தானா போகல. அனுப்புனது நான்.

— எங்க அனுப்புனீங்க?

— பாலத்துக்கு அந்தப்பக்கம்.

— இருங்க தலைவரே, இருங்க. நம்ம டீம்ல கோல் அடிக்கத் தெரிஞ்சது அவன் ஒருத்தன். அவனத் தூக்கி நீங்களே எதிராளிகிட்ட குடுத்தீங்களா?

— நிதானமா கேளு பெர்மின். ஜனவரியில நாம எப்படி இருந்தோம்? கோல் போட ஒருத்தன், கோல் வாங்க பத்துப் பேரு. அவன் இருந்தாலும் கீழருந்து நாலாவதுக்கு மேல ஏற மாட்டோம்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப்பக்கத்தானும் மேல தள்ளாடிக்கிட்டு இருந்தான். அவன் விழுந்தா நாம எப்படி ஆடுனாலும் காலி. அவன நிமித்தி வச்சா நாமளும் நிப்போம். அதுக்குத்தான் பையன அனுப்புனேன்.

— தமியான் இல்லாம கீழருந்து நாலாவது வந்தோமே. அவன் இருந்திருந்தா பத்தாவது பன்னெண்டாவது வந்திருக்க மாட்டோமா? அப்ப மேலருந்து எவன் விழுந்தா நமக்கென்ன?

— அதத்தான் நானும் ஜனவரியிலருந்து யோசிக்கிறேன். யோசிச்சா யோசிச்சா மண்ட காயுது. எல்லாம் சரியாத்தான் பண்ணேனா, இல்ல எல்லாத்தையும் நானே கெடுத்துட்டு நானே காப்பாத்துனேனா, தெரியல.

— எனக்கு உங்க பட்டியல் வேணாம். என் பிள்ளைய எதுக்கு ஊரு காறித் துப்ப விட்டீங்க? சொல்லியிருக்கலாம்ல?

— யாருகிட்ட? சதுக்கத்துல நின்னு, நம்ம பையனக் கூப்ட்டு அவனுங்களுக்குக் குடுத்தேன்னு சொல்லவா? என்னைப் பாலத்துலருந்து தூக்கிப் போட்டிருப்பானுங்க.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— அவனும் அது ஒண்ணுதான் கேட்டான். அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்கவான்னு. வேணாம்னுட்டேன். இது கடை ரெமே. உனக்கு வாயி நிக்காது.

— ஷட்டர்ல 'துரோகியப் பெத்தவ'ன்னு எழுதிட்டுப் போனானுங்களே. காலங்காத்தால தின்னர் டப்பாவோட நீங்க வந்து நின்னீங்க. தலைவரே வந்து துடைக்கிறாரேன்னு அன்னிக்கே யோசிச்சேன்.

— மனசு கேக்கல.

— இப்ப எதுக்குச் சொல்றீங்க?

— வியாழக்கிழம உறுப்பினர் கூட்டம். தமியான விட்டதுக்காக என்னைத் தூக்கப் போறானுங்க. நான் இதச் சொன்னா ஒரு பய நம்ப மாட்டான். அவனப் பெத்தவ நீ எந்திரிச்சு சொன்னா நம்புவானுங்க.

— அதான் சங்கதியா? பெர்மின், அந்த அடுப்பப் பத்த வை. உருளைக்கிழங்கு இருக்கா பாரு.

— எதுக்கு அத்தை?

— அவனுக்கு முட்டை அடை பிடிக்கும். பின்வாசல் தாழ்ப்பாளும் துருப்பிடிச்சுக் கெடக்கு, எண்ணெய் விடணும்.

— அத்தை, இருங்க. ரேடியோவுல தமியான் பேசுறான்.

— "தமியான், உங்கள் கோல் உங்கள் பழைய ஊரையும் காப்பாற்றியிருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் அடித்தீர்களா?"

— "எந்த ஊரு?"

— "வில்யார்தா."

— "அவனுங்களும் தப்பிச்சுட்டானுங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே. அவனுங்க நின்னா எனக்கென்ன, விழுந்தா எனக்கென்ன. நான் போட்டிருக்கிற சட்டைக்கு ஆடுறேன்."

— அணைச்சுடு பெர்மின்.

— ரேடியோவையா, அடுப்பையா?

— ரெண்டையும்.

— ரெமே, நடிக்கிறான்! யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்.

— தமியானுக்கு நடிக்க வராது தலைவரே. இப்பத்தான் பேசுனோம்.

— இன்னிக்கு விழுந்தானே பெர்மின்? ரெஃப்ரியே ஏமாந்தான்னு ரேடியோக்காரன் சொன்னானே?

— அது... அந்தப்பக்கத்தானுங்க கத்துக் குடுத்திருப்பானுங்க.

— எனக்குத் தலை சுத்துது. ஒண்ணு என் பிள்ளை ரேடியோவுல பொய் சொல்றான். இல்ல, பதவிக்காக நீங்க என் முன்னாடி உக்காந்து பொய் சொல்றீங்க. ரெண்டு பேரு மூஞ்சிலயும் ஒண்ணும் தெரியல. அவன் மூஞ்சியப் பாத்தே நாளாச்சு.

— அத்தை, போன் அடிக்குது. காப்பி மெஷினப் போடட்டா?

— போனக் குடு. கை ஈரமா இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டு அங்க வை.

— ...அம்மா? அம்மா, எடுத்துட்டியா?

— எடுத்துட்டேன்ல. கத்தாத. ஒண்ணு கேப்பேன், யோசிக்காம பதில் சொல்லு. இன்னிக்கு விழுந்தியே, எவனாவது உன்னத் தொட்டானா?

— தொட்டான்.

— தமியான்.

— தொடலம்மா.

— உனக்கு விழ வராதே. யாரு கத்துக் குடுத்தா? காஸ்த்ரேகாகாரனா?

— இல்ல. அது இங்க வர்றதுக்கு முன்னாடி.

— யாருன்னு கேட்டேன்.

— தலைவருதான். டயர் கடையில பழைய டயரெல்லாம் பரப்பி வச்சு, அது மேல விழ விட்டாரு. அங்க போனா ஒருநாள் தேவைப்படும்னாரு.

— முழங்கை, முழங்கால் எல்லாம் கரியா வந்து நின்னியே, அந்த வாரமா? கேட்டதுக்கு சைக்கிள்லருந்து விழுந்தேன்ன.

— ஆமாம்மா.

— நான் நம்பிட்டேன்டா.

— அம்மா, பேட்டி முடிஞ்சதும் ஓடியாந்து பாலம் பக்கத்துலதான் நிக்கிறேன். வரவா?

— போன வை. வைடா.

— பாத்தியா ரெமே? கேட்டியா? இப்பவாவது நம்புறியா?

— நம்புறேன்.

— அப்பாடா. வியாழக்கிழம நீ முதல் வரிசையில உக்காரு. நான் பேசி முடிச்சதும்...

— வெளிய போங்க தலைவரே.

— என்னது? இப்பத்தான் நம்புறேன்ன.

— அதனாலதான். நீங்க கதை விட்டிருந்தா ஒரு காப்பியக் குடுத்து அனுப்பியிருப்பேன். பதவிக்குப் பொய் சொல்ற ஆளு எனக்குப் புதுசில்ல. இது நிஜம். என் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கி, முதல்ல என்கிட்டயே சொல்ல வச்சீங்க. எந்திரிங்க.

— ஊரு தப்பிச்சிருக்கு ரெமே!

— ஊரு வெளியதான் பாடிக்கிட்டு நிக்குது. போய் அதுகிட்ட சொல்லுங்க.

— அடிச்சே கொன்னுருவானுங்க.

— உங்களுக்குத்தான் விழத் தெரியுமே.

— ரெமே, நிதானமா...

— பெர்மின், கதவச் சாத்து. பூட்டு.

— சாத்திட்டேன். பூட்டிட்டேன். அத்தை, தட்டுறாரு.

— தட்டட்டும்.

— பின்வாசல என்ன பண்றது? தாழ்ப்பாள எடுக்கட்டா? தமியான் இந்நேரம் பாலத்துல பாதி வந்திருப்பான்.

— தெரியலடா.

— எடுக்கட்டா, வேணாமா? ஒண்ணு சொல்லுங்க அத்தை.

— தெரியலன்னேன்ல. முதல்ல இந்தக் கதவ இன்னொரு சுத்து பூட்டு.