சிவப்புப் புள்ளி வைத்த பக்கம்

உங்கள் அறிக்கையை இரண்டு முறை வாசித்தேன், ஃப்ராவ் லூட்ஸ். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. காவல் துறையில் இது அபூர்வம். நேரங்கள் சரி, அறையின் அளவு சரி, என் பெயர்கூடச் சரி. ஹேகெலே என்பதைப் பலர் தப்பாகத்தான் எழுதுவார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல் பொருந்தவில்லை. அதைத் திருத்தத்தான் காலையிலேயே பேருந்து பிடித்து வந்தேன்.

நான் எடை அளவு ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். எங்கள் மாவட்டத்தில் எந்த இறைச்சிக் கடைத் தராசைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் என் முத்திரை இருக்கும். ஓய்வு பெற்றதும் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று, வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களின் சங்கத்தில் சேர்ந்தேன். பதினான்கு பேர். பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடி அறை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்குக் காபி, மூன்றரைக்கு இசை. கேக் என் மனைவி கெர்லிண்டே செய்து தருவாள்.

இங்கே ஜெர்மனியில் நம் சுவர் சாக்கெட்டில் இரண்டு கால் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகும். அதனால் பேஸ், அதாவது ஆளை அடிக்கிற மின்சாரம், எந்தக் கம்பியில் வருகிறது, அது திரும்பிப் போகிற நியூட்ரல் எது என்பது கை போன போக்கு. ரொட்டி வாட்டும் மெஷினுக்கு இதில் கவலை இல்லை. நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு உண்டு. பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் இசையின் மேல் மெல்லிய திரை விழும். பாடுகிறவரின் வாய் ஒரு சாண் இடப்பக்கம் நகரும். எனக்கு அது தெளிவாகக் கேட்கும். சங்கத்தில் மற்றவர்களுக்கும், நான் சொன்ன பிறகு, கேட்டது.

ஆகவே பேஸ் பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். புது ஆம்ப்ளிஃபயர் வந்தால் முதலில் என் மேசைக்கு வரும். மீட்டர் வைத்துப் பார்த்து, பேஸ் போக வேண்டிய காலின் பக்கம் பிளக்கில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். கெர்லிண்டேயின் நகப்பூச்சு. சுவரிலும் அப்படி ஒரு புள்ளி உண்டு. புள்ளியோடு புள்ளி சேர வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினேழு புள்ளிகள். நோட்டில் தேதியோடு இருக்கிறது.

வீலாண்ட் ப்ரெஸ்டல் நான்கு வருடம் முன்பு வந்தார். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், வயது நாற்பத்தாறு. எப்போதும் சிரித்த முகம். அவர்மேல் எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரர். ஆனால் உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. முன்பக்க ஸ்விட்சை அணைப்பார், அவ்வளவுதான். அந்த ஸ்விட்சும் ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கிற வகை. ஏதோ பழைய ரேடியோவில் கழற்றியது, 'டக்'கென்று அழகாகச் சத்தம் போடுகிறது என்று எல்லாக் கருவியிலும் அதையே வைப்பார்.

"ரெண்டு கம்பியையும் துண்டிக்கிற ஸ்விட்ச் போடுங்க, ஹெர் ப்ரெஸ்டல்," என்று சொன்னேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

"எதுக்கு? அதான் உங்க சிவப்புப் புள்ளி இருக்கே. பேஸ் ஸ்விட்ச் வழியாத்தானே வரும்," என்றார்.

நியாயமான பதில்தான். புள்ளி சரியாக இருந்தால் ஸ்விட்சை அணைத்ததும் உள்ளே எதுவும் உயிரோடு இருக்காது. தவறிப்போய் நியூட்ரல் அந்த வழியில் வந்தால், விளக்கு அணையும், இசை நிற்கும், பேஸ் மட்டும் சத்தமில்லாமல் உள்ளேயே காத்திருக்கும்.

ஜூன் கூட்டத்தில் அவர் ஒரு சோதனை வைத்தார். பிளக்கைத் திரைக்குப் பின்னால் மறைத்து, இருபது முறை, சில முறை நேராக, சில முறை திருப்பிச் செருகினார். நான் கேட்டு, எது நேர், எது திருப்பம் என்று தாளில் எழுத வேண்டும். ஒப்புக்கொண்டேன். அளவெடுக்கிறவன் அளவுக்குப் பயப்படலாமா? எழுதினேன். இருபதில் ஒன்பது சரியாக இருந்தது.

அன்றைய கேக்கில் வெண்ணெய் அதிகம். வெண்ணெய் காதை மந்தமாக்கும். இதை அங்கேயே சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

"இதுல வருத்தப்பட என்ன இருக்கு, ஹெர் ஹேகெலே? காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் பத்து வந்திருக்கும்," என்றார் ப்ரெஸ்டல். ஆறுதலாகத்தான் சொன்னார். இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

அதுகூடப் போகட்டும். பிறகு நான் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "நாலு வருஷமாச்சு. இன்னும் என்ன ஹெர், நீங்க, வாங்க? இனிமே நீ, வா, போன்னே பேசிக்கலாம். நான் வீலாண்ட்," என்று கையை நீட்டினார்.

நீங்களும் நம் ஊர்க்காரர், ஃப்ராவ் லூட்ஸ். அந்த அழைப்பு யாரிடமிருந்து வர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூத்தவனிடமிருந்து. எனக்கு அறுபத்தெட்டு. அவர் அதை மரியாதையாகத் தரவில்லை, இரக்கப்பட்டுத் தந்தார். விழுந்த ஆளுக்குக் கை கொடுப்பதுபோல. என் கை ஈரம், நுரை வேறு. அந்தக் கையோடு குலுக்கி, "ஓட்மார்" என்றேன்.

அடுத்த கூட்டத்திலிருந்து, பதினான்கு பேர் நடுவில், "ஓட்மார், நீ என்ன நினைக்கிறே? ஓட்மார், உன் புள்ளியைக் கொஞ்சம் வை." என் தம்பி இறந்த பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கெர்லிண்டேகூட மற்றவர் முன்னால் 'என் வீட்டுக்காரர்' என்பாள்.

அக்டோபரில் அவர் புது ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். இரண்டு வருட உழைப்பு. செம்புத் தகட்டு மேல்மூடி, உள்ளே ஒரு கம்பிகூடக் கோணல் இல்லை. என் மேசையில் வைத்து, "பார்த்துடு, ஓட்மார். மத்தவங்களுக்காக," என்றார். மற்றவர்களுக்காக.

பார்த்தேன். மீட்டரை இரண்டு முறை வைத்தேன், எப்போதும்போல. எந்தக் கால் என்று நோட்டில் சரியாக எழுதினேன். பிறகு நகப்பூச்சைத் திறந்து, மற்ற பக்கத்தில் புள்ளி வைத்தேன். உலரும்வரை ஊதினேன்.

ஒரு மணி நேரம் இசை கேட்டோம். நாலரைக்கு ஒருவர் உள்ளே டிரான்ஸ்பார்மரை எப்படிப் பொருத்தினீர்கள் என்று கேட்டார். ப்ரெஸ்டல் ஸ்விட்சை அணைத்தார். 'டக்.' விளக்கு போயிற்று. கண்டென்சர்களில் மிச்சமிருந்த மின்சாரத்தை முறையாக இறக்கினார், அதில் அவர் மிகக் கவனம். பெட்டியைச் சாய்த்து, இடது கையால் உலோகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் உள்ளே தொட்டுக் காட்டினார். "ஓ" என்றார். எதையோ மறந்துவிட்டு ஞாபகம் வந்தவர்போல. சட்டத்தைப் பிடித்த கை திறக்கவேயில்லை.

பிளக்கைப் பிடுங்கியது நான்தான். 'உடனடியாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் திருத்திவிடலாம். பத்து வரை எண்ணினேன். பழைய கட்டடம், மின்கசிவு கண்டால் தானாக அணைக்கிற கருவி அங்கே கிடையாது. அதை வைக்கச் சொல்லி நகராட்சிக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அவர்கள் அப்போதே என் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

அடக்கத்தன்று அவருடைய மனைவி பிர்கிட் என் கையை விடவேயில்லை. "எல்லாரும் மரம் மாதிரி நின்னாங்களாம். நீங்கதான் ஓடினீங்களாம்," என்றார். அவர் என்னை நீங்கள் என்றே சொன்னார். நல்ல வளர்ப்பு.

ஆக, மூன்றாம் பக்கம், கீழிருந்து ஐந்தாம் வரி. 'புள்ளி கவனக்குறைவால் தவறான பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கலாம்.' கவனக்குறைவு என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. முப்பத்தொரு வருடத்தில் என் முத்திரை ஒன்றுகூடத் தப்பானதில்லை. அந்தப் புள்ளியும் தப்பானதில்லை. வைக்க நினைத்த இடத்தில்தான் வைத்தேன், அவர் இறக்க வேண்டும் என்றுதான் வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

என்ன கேட்டீர்கள்? பிளக் திரும்பியிருந்த அந்த ஒரு மணி நேரம் இசை எப்படி இருந்ததென்றா?

அருமையாக இருந்தது. மறைக்க மாட்டேன், அவர் கைத்திறன் அப்படி. எந்தத் திரையும் இல்லை, அந்தப் பாடகி சரியாக நடுவில் நின்று பாடினாள். கண்ணை மூடினேன், நீர் வந்துவிட்டது. இவ்வளவு துல்லியமாக அந்த அறையில் எதுவும் ஒலித்ததில்லை என்று நானே எழுந்து நின்று சொன்னேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், ஃப்ராவ் லூட்ஸ்?