மஞ்சள் துணியில் முடிந்த இரண்டு பற்றரிகள்

பெயர்: நவரட்ணம் ரதி
வயது: 54
தொழில்: முதியோர் இல்லச் சமையலறை உதவியாளர்
முகவரி: தீயில் சேதமடைந்த மோர்னிங்சைட் வீடு. தற்போது டோர்செட் பார்க்கில் தங்கை கஜனியின் அடுக்குமாடி வீடு.
பதிவான நாள்: 2025 பெப்ரவரி 6, வியாழக்கிழமை, காலை 10.20. தமிழில் சொல்லப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் திருமதி றீற்றா பேனாட் அவர்களால் தமிழிலேயே எழுதப்பட்டது.

மேலே குறிப்பிட்ட ரதி நான்தான். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் எனக்கு உண்டு, ஆனால் இதைச் சொல்ல அது போதாது. ஜனவரி 17ஆம் திகதி எங்கள் வீட்டில் தீப்பிடித்தது பற்றி அன்று மாலையே நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். எங்கள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த மரியோ என் கணவருக்குக் கொடுத்த மின்சிகரெட்டின் பற்றரி, சார்ஜில் இருந்தபோது வெடித்தது என்று அதில் சொன்னேன். அது பொய். மரியோவில் ஒரு பிழையும் இல்லை. அதை மாற்றி எழுதுவிக்க, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன். சட்டத்தரணியை வைத்துக்கொண்டு பேசலாம் என்று இங்கே பொலிஸ் அதிகாரி இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றேன்.

என் கணவர் நவரட்ணம், வயது 61, மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலையாக ஃபோர்க்லிஃப்ற் ஓட்டியவர். நாற்பது வருடமாகச் சிகரெட் குடித்தவர். போன வருடம் வைகாசியில் அவருக்கு இருதயத்தில் அடைப்பெடுத்து ஸ்ரென்ற் வைத்தார்கள். இனிச் சிகரெட் தொட்டால் தன்னிடம் வரவேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். அதன் பின்னர் மூன்று கிழமை அவர் சிகரெட் தொடவில்லை, ஆனால் எங்களை மனிதராக மதிக்கவுமில்லை. அப்போதுதான் பேஸ்மென்றில் இருந்த மரியோ, தான் வேலைசெய்யும் கடையிலிருந்து ஒரு மின்சிகரெட்டை வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அது வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கும் வகை. உள்ளே விரல் நீளத்தில் ஒரு பற்றரி, கழற்றித் தனியாகச் சார்ஜ் போடவேண்டியது. கையில் பிடித்தால் சின்ன வானொலிப்பெட்டி மாதிரி இருக்கும். அதிலிருந்து மாம்பழ வாசத்துடன் புகை வரும். அறுபத்தொரு வயது மனிதருக்கு மாம்பழ வாசம் எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. என் மகள் அட்சயா, "அம்மா, சிகரெட்டை விட இது பெற்றர். ஜஸ்ற் லெற் ஹிம், விடுங்கோ" என்றாள். நான் விடவில்லை.

மரியோவுக்கு வயது 31. மன்னாரிலிருந்து வந்தவர், அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருப்பவர். அந்தச் சாமானை வெறுமனே நீட்டிவிட்டுப் போகவில்லை. எங்கள் சமையலறை மேசையில் இருந்து என் கணவருக்கு அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். நான் அடுப்படியில் நின்றேன். எனக்குக் கேட்டதை அப்படியே சொல்கிறேன். "அங்கிள், இதுக்கெண்டு இருக்கிற சார்ஜரிலதான் போடவேணும். கட்டிலில, செற்றியில, காப்பெற்றில வைச்சுப் போடாதேங்கோ. வோல்ற்றேஜைக் கூட்டக் கூட்டப் பற்றரி கெதியா இறங்கும், அதால ரெண்டு மேலதிகமாத் தாறன். பச்சை லைற் வந்தவுடன கழட்டி இந்தப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள வையுங்கோ. சுத்தியிருக்கிற தோல் கிழிஞ்சா பாவியாதேங்கோ, என்னட்டத் தாங்கோ." அதன் பின்னர் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் கிறைண்டரைப் போட்டேன். தேங்காய் ஏற்கெனவே அரைபட்டிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்க விருப்பமில்லாமல்தான் வெறும் கிறைண்டரை ஓடவிட்டேன்.

பற்றரிகளைக் குற்றிக்காசுடனோ திறப்புடனோ சேர்த்து வைக்கக்கூடாது என்று அன்று மரியோ சொன்னாரா என அதிகாரி கேட்டார். சொல்லியிருப்பார். என் கணவர் அதன் பின்னர் எந்தக் காற்சட்டைப் பையில் சில்லறை வைத்தாரோ அந்தப் பையில் பற்றரியை வைத்ததேயில்லை.

என் கணவர் சொன்னபடி நடந்தார். அதுதான் எனக்குப் பிரச்சினையாகியது. எங்கள் மேல்மாடியில் எல்லா அறையிலும் காப்பெற் விரிப்பு. உடுப்பு அலுமாரியாக இருந்த ஒரு சிறிய அறையைச் சாமியறையாக மாற்றியபோது அதன் தரைக்கு மட்டும் நான் ஓடு பதிப்பித்திருந்தேன். சுவாமி விளக்குக்கென்று ஒரு பிளக்கும் அங்கே உண்டு. வேலையால் காலை வந்து படுக்கமுன் அவர் அங்கேதான் சார்ஜரைச் செருகுவார். முருகனுக்குப் பக்கத்தில் புகைச் சாமானா என்று நான் பல தடவை சண்டை பிடித்தேன். "மரியோ சொன்ன மாதிரி காப்பெற் இல்லாத இடம் மேல இதொண்டுதான் ரதி, நான் என்ன செய்யிறது?" என்று கேட்பார்.

ஜனவரி 17, தை மாத முதல் வெள்ளி. எனக்கு வேலை இல்லை. அட்சயா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். கணவர் காலை எட்டரைக்கு வந்து பற்றரிகளைச் சார்ஜ் போட்டு, பச்சை வந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படுத்தார். நான் முழுகிவிட்டு பதினொரு மணியளவில் சாமியறையைத் திறந்தேன். வெறும் சார்ஜரும், பக்கத்தில் பெட்டிக்குள் இரண்டு பற்றரிகளும் இருந்தன. மாம்பழ வாசம் வந்தது. அப்போதே ஒரு நேர்த்தி வைக்க முடிவுசெய்தேன்.

நேர்த்தி என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். ஒரு காரியம் கைகூடவேண்டும் என்று கும்பிட்டு, மஞ்சளில் நனைத்த துணியில் காசு முடிந்து சுவாமிக்கு முன்னால் வைப்போம். காரியம் நடந்ததும் அதைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போடுவோம். அட்சயாவின் காய்ச்சலுக்கும், வீட்டுக் கடன் சரிவரவும், கணவரின் ஸ்ரென்றுக்கும் முடிந்திருக்கிறேன். இந்த முறை அவர் புகையை விடவேண்டும் என்று கேட்டேன். எதை விடவேண்டுமோ அதையும் சேர்த்து முடிந்தால் சுவாமிக்கு விளங்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படிச் செய்யும்படி ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது என் சொந்தப் புத்தி.

பற்றரிகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நேர்த்தி முடிப்பில் பிளாஸ்ரிக் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவற்றைச் சுற்றியிருந்த நீலத் தோலும் பிளாஸ்ரிக்தான் என்று கண்டு, ஒன்றின் தலைப்பக்கத்தில் நகத்தால் உரித்தேன். கொஞ்சம் கிழிந்தது, மிச்சம் வரவில்லை, விட்டுவிட்டேன். அதன் பின்னர் இரண்டையும் ஏழு குற்றிக்காசுகளுடன் ஈரமான மஞ்சள் துணியில் வைத்து முடிந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். வெறும் பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கணவர் எழும்பி வந்து, "ரதி, என்ர பற்றரி ரெண்டையும் கண்டனீரே?" என்று கேட்டார். "உங்கட சாமானை நானேன் தொடுறன்?" என்றேன். சாமியறையைத் திறக்கப் போனார். விரத நாளில் குளிக்காமல் உள்ளே போகவேண்டாம் என்று தடுத்தேன். "அப்ப சார்ஜரிலதான் விட்டிட்டன் போல. மறதி கூடிப்போச்சு" என்று தலையில் தட்டிக்கொண்டு, இரவு வேலை இருந்தபடியால் திரும்பப் போய்ப் படுத்தார்.

மாலை நாலரைக்கு விளக்கு வைக்கப் போனேன். துணி காய்ந்து முடிச்சுத் தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து, இன்னும் இறுக்கி இரண்டு முடிச்சாகப் போட்டேன். கையில் வைத்துக் கும்பிடும்போது முடிப்பு சூடாகியது. முதலில் இளஞ்சூடு, பிறகு நன்றாகவே சூடு. என் நேர்த்தியைச் சுவாமி ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். அதைக் கண்ணில் ஒற்றினேன். சந்தோஷத்தில் அழுதேன் என்பதையும் எழுதச் சொன்னேன். அதன் பின்னர் அதைப் படத்துக்கும் நல்லெண்ணெய்ப் போத்தலுக்கும் நடுவில் வைத்து, பட்டுத் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, வடைக்கு மாவு தட்டக் கீழே வந்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. மேலே "டப்" என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. நான் ஏறிப் போகமுன் என் கணவர் எழும்பிச் சாமியறைக் கதவைத் திறந்துவிட்டார். எண்ணெயிலும் திரையிலும் நெருப்புப் பிடித்திருந்தது. அவர் வெளியே ஓடியிருக்கலாம். என் சுவாமிப் படங்களை எடுக்கக் கையை உள்ளே விட்டார். என்னைக் கண்டதும், "கீழ போம், ரதி! கீழ போம்!" என்று கத்தினார். அதன் பின்னர் புகையில் அவர் தெரியவில்லை. பேஸ்மென்றிலிருந்து மரியோ தீயணைக்கும் சிலிண்டருடன் ஓடிவந்து, அதனால் முடியாமல் அதைப் போட்டுவிட்டு, தவழ்ந்து உள்ளே போய் என் கணவரைக் காலில் பிடித்து இழுத்துவந்தார். மரியோவின் தலைமயிர் ஒரு பக்கம் கருகியிருந்தது.

அம்புலன்ஸ் போன பிறகு, பனிக்குள் நின்ற என்னிடம் ஒரு அதிகாரி எப்படிப் பிடித்தது என்று கேட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்ட அட்சயா பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தாள். "கீழ இருக்கிற பெடியன் குடுத்த சாமான் சார்ஜில வெடிச்சிட்டுது" என்றேன். கேள்வி முடியமுன் பதில் வந்துவிட்டது. காப்புறுதிக்காகவா அப்படிச் சொன்னீர்கள் என்று இன்று கேட்டார்கள். இல்லை. என் பிள்ளை என் கையை விட்டுவிடுவாள் என்று பயந்தேன். அடுத்த நாள் உருகி ஒட்டிய காசுகளின் படத்தை எனக்குக் காட்டினார்கள். அது சுவாமிக்கு வைத்த காசு என்றேன். உண்மையில் பாதியை மட்டும் சொன்னேன்.

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, கணவர் வைத்தியசாலையில் கொஞ்சம் பேசினார். இரண்டு கையும் நெஞ்சும் கட்டுப் போட்டிருந்தது, சுவாசப்பை பழுதாகியிருந்தது. அட்சயா கோப்பி வாங்கப் போயிருந்தாள், நாங்கள் இரண்டு பேரும்தான். "என்னில கோவமோ, ரதி? கழட்டாமல் படுத்திட்டன். உம்மட சாமியறையையும் எரிச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அட்சயா திரும்பிவரப் பத்து நிமிடத்துக்கு மேலாகியது. நான், "ஓம், மன்னிச்சிட்டன். கதையாமல் படுங்கோ" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அன்று பின்னேரம் அவருக்குச் சுவாசக் குழாய் போட்டார்கள். அதன் பின்னர் அவர் பேசவில்லை. ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை காலை காலமானார்.

இந்த நாட்களில் மரியோவைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பழைய பற்றரியைக் கொடுத்து மனிதரைக் கொன்றவன் என்று ஊர் கதைத்தது. என்னிடம் கேட்டவர்களுக்கு நான் இல்லையென்று சொல்லவில்லை. அவருடைய அகதி விசாரணை இந்த மாதம் 20ஆம் திகதி. தன் பெயரில் இப்படி ஒரு பொலிஸ் விசாரணை கிடப்பது தன்னைத் திருப்பி அனுப்பப் போதும் என்று அவர் பயப்படுவதாகக் கஜனி சொன்னாள். அது தெரிந்தும் நான் ஏழு நாள் பேசாமல் இருந்தேன்.

பெப்ரவரி 1, சனிக்கிழமை இறுதிக்கிரியை. சனம் விலகி நிற்க, மரியோ தனியாக வந்து சவப்பெட்டியடியில் நின்று கும்பிட்டார். ஒருவரும் அவருடன் பேசவில்லை. அதன் பின்னர் என்னிடம் வந்து, "அன்ரி, நான் இன்னும் வடிவாச் சொல்லிக் குடுத்திருக்க வேணும். ஒருக்காச் சொன்னாப் போதுமெண்டு விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நினைக்கிறார். என் கணவருக்குச் சொன்ன அதே சொல் என் வாய்வரை வந்தது. அதை இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியவில்லை. அவர் அதை என் கோபம் என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

கணவரின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை இன்னும் முடியவில்லை. முடிந்த பிறகு வந்திருக்கலாமே என்று திருமதி றீற்றா கேட்டார். மரியோவின் 20ஆம் திகதி அதற்கு முதல் வருகிறது. இதில் ஒரு பிரதியை அவருடைய சட்டத்தரணிக்குக் கொடுக்கும்படி கேட்கிறேன். என் கணவர் தன் கையால் வீட்டை எரித்ததாக நம்பிச் செத்தார். அவரிடம் சொல்ல இனி வழியில்லை. அட்சயா கீழே காரில் இருக்கிறாள். காப்புறுதிக் கடதாசி விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதைத் திருமதி றீற்றா எனக்கு ஆறுதலாக, வசனம் வசனமாக வாசித்துக் காட்டினார். "தவறுதலாக" என்று அவர் எழுதியிருந்த இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லை வெட்டச் சொன்னேன், வெட்டினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உண்மை என்று அறிந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இடுகிறேன். முதல் வாக்குமூலத்திலுள்ள கையெழுத்தும் என்னுடையதுதான்.

(ஒப்பம்) ந. ரதி

என் முன்னிலையில்: (ஒப்பம்) றீற்றா பேனாட், மொழிபெயர்ப்பாளர். முடிந்த நேரம்: நண்பகல் 12.05.