செருப்பு அலமாரிக்குள்ள ஒரு சர்வர்

அதத்தான் தம்பி நானும் பார்த்தேன். ஸ்க்ரீன் கருப்பா வருது, பாஸ்வேர்டு கேக்குது, அங்கேயே நிக்குது. கடையில எத்தனை கம்ப்யூட்டர் பார்த்திருப்பீங்க, இதுக்கு ஒரு வழி இல்லாமலா போயிரும்? குடைய வாசல்லயே விரிச்சு வைங்க. நம்ம கீலுங் ஊர் மழையில எங்க காயப்போகுது.

செருப்பு அலமாரியில எதுக்கு வச்சிருக்கோம்னா? கதவச் சாத்தினா சத்தம் கேக்காது. எங்க வீட்டுக்காரர் லியாவ், துறைமுக ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்த்தவரு. ரிட்டயர் ஆனதும் சொந்தமா வெப்சைட் போட்டாரு. எந்தக் கப்பல் வருது, மழை எப்ப விடும்னு. விட்டாத்தானே! க்ளவுட்ல போடுங்கப்பான்னு மக தலையால அடிச்சுக்கிட்டா. கேப்பாரா? நம்ம வீட்டு சமாச்சாரம் எவன் பெட்டியிலயோ எதுக்கு இருக்கணும்பாரு. நம்ம பெட்டி மட்டும் என்ன, செருப்பு நாத்தத்துல கெடந்துச்சு.

அந்தப் பாக்கெட்டா? ஆமா, உங்க கடையிலயும் வச்சிருப்பீங்களே. பச்சை நிறந்தான். தேதியும் தாண்டல, நானேதான் மாத்துறேன். தேதி தாண்டாத பச்சைப் பாக்கெட் மேல இருந்தா மெஷின் சொன்ன பேச்சு கேக்குமாம். படிச்ச மனுஷன், சோளப்பொரி பாக்கெட்ட நம்பினாரு. பாஸ்வேர்ட ஒரு தாள்ல எழுதி வைக்கத் தோணல.

பேக்கப் காப்பியா? வெப்சைட்ல இருந்த பழசெல்லாம் மக எடுத்து வச்சிட்டா. அது இல்ல தம்பி. நுரையீரல் கெட்டுப்போய் படுத்தப்ப, மடியில கீபோர்ட வச்சு ஏதோ எழுதிக்கிட்டே இருந்தாரு. எனக்காம். அவர் போனப்புறம், கப்பல் பட்டியலுக்குக் கீழ தினம் காலையில என் பேரச் சொல்லி ஒரு வரி வரும். ஸியூ-யுன், பிரஷர் மாத்திரை போட்டியா. ஸியூ-யுன், படி ஈரமா இருக்கும், கம்பியப் பிடிச்சு எறங்கு. மூணு வருஷம், ஒரு நாள் தப்பல. நாளைக்கு வர வேண்டியது உள்ள பூட்டிக் கெடக்கு, அத எப்படிக் காப்பி எடுக்கிறது? இன்னும் எத்தன இருக்கோ, அதுவும் தெரியாது.

எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. கல்யாண நாள், என் பேரு, மக பேரு, பழைய போன் நம்பர். அவரு நீளமா அடிப்பாரு, ரெண்டு கையும் ஓடும். பக்கத்துல நின்னு ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம், பாவி.

டிஸ்கக் கழட்டினாலும் வெறும் கிறுக்கலாத்தான் தெரியுமா. தைபேயில பெரிய ஆளுங்க யாராவது? அவங்களாலயும் முடியாதா. ம். சரி தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க. டீயக் குடிங்க.

எப்படி நின்னுச்சா? கரண்ட்டெல்லாம் போகல. செவ்வாக்கிழமை மீன் சூப் வச்சேன், ஒரு ஆளுக்கு. அதக் கையில வச்சுக்கிட்டு வந்து பார்க்கிறேன், சூப்ல இஞ்சிய அள்ளிப் போடாத, நாப்பது வருஷமா சொல்றேன்னு வந்திருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு, செத்தும் குறை சொல்றியா நீன்னு சுவிட்ச அமுக்கிட்டேன். சண்டைன்னா எப்பவும் அதத்தான் பண்ணுவேன். பத்து நிமிஷம் உர்ருனு இருப்பாரு, அப்புறம் அவரே எந்திரிச்சுப் போய் பாஸ்வேர்டு போட்டு ஓட விட்டுருவாரு.

செவ்வாக்கிழமையும் சோபாவுல உட்கார்ந்து காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சூப் ஆறிப்போச்சு. அதுக்கப்புறந்தான் தம்பி, போட ஆள் இல்லைங்கிறதே எனக்கு ஞாபகம் வந்துச்சு.