ஒரே கீறல், இரண்டு வாட்ச்

மாப்பிள்ளை: ...அதனாலதான் ஓடி வந்தேன். ரெண்டுல எது என் மாமனாரோடது, எது என்னுதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும் மாஸ்டர்.

மெக்கானிக்: மொதல்ல மூச்சு விடுங்க சார். உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆளைப் பார்த்துக் கவுக்கும். இதுல உட்காருங்க. நாலு தடவை போன் பண்ணேன், சும்மாவே சர்வீஸ் பண்ணித் தர்றேன் கொண்டு வாங்கன்னு. இன்னைக்குத்தான் கடைக்கு வழி தெரிஞ்சுதா?

மாப்பிள்ளை: அதையெல்லாம் அப்புறம் பேசலாம். அவர் எதிர்ல ஸ்கேன் சென்டர்ல இருக்கார்.

மெக்கானிக்: மாமனாரா? என்ன உடம்புக்கு?

மாப்பிள்ளை: கழுத்து வலி. ஸ்கேனுக்குள்ள போறப்ப உடம்புல ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாதாம். மோதிரம், பெல்ட், வாட்ச் எல்லாத்தையும் கழட்டி, "மாப்பிள்ளை, பத்திரம்"னு என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டார்.

மெக்கானிக்: நீங்களும் பத்திரமா வச்சுக்கிட்டீங்க.

மாப்பிள்ளை: ஒரு ஆசை மாஸ்டர். அசலையும் நம்ம டூப்ளிகேட்டையும் ஜோடியா வச்சு ஒரு போட்டோ. எங்க வாட்ச் பிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்ல போட்டா அத்தனை பேரும் வாயடைச்சுப் போயிடுவாங்க.

மெக்கானிக்: டூப்ளிகேட்டைக் கையோட கொண்டு போனீங்களா? ஸ்கேன் சென்டருக்கு?

மாப்பிள்ளை: அது எப்பவும் என் பையிலயே இருக்கும். கட்டத்தான் முடியாது. அவர் கம்பெனியில வேலை, அவர் வீட்டு மாடியில குடித்தனம்... அவர் கட்டற அதே வாட்ச்சை நானும் கட்டிக்கிட்டு எதிர்ல நின்னா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டாரா? அதனால பாத்ரூம்ல கட்டிப் பார்ப்பேன்.

மெக்கானிக்: பாத்ரூம்ல.

மாப்பிள்ளை: வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கும்.

மெக்கானிக்: சரி. போட்டோ எடுத்தீங்க...

மாப்பிள்ளை: மடியில கைக்குட்டையை விரிச்சு, ரெண்டையும் வச்சு, ரெண்டுக்கும் நேரத்தை ஒண்ணாத் திருப்பி வச்சு...

மெக்கானிக்: நேரத்தையும் ஒண்ணாக்கிட்டீங்க.

மாப்பிள்ளை: போட்டோ அழகா வரணும்ல. அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் வந்து, கொஞ்சம் தள்ளி உட்காருங்கன்னாங்க. எழுந்தேன். கைக்குட்டையோட ரெண்டும் சேர்ந்து பொத்துன்னு... அவ்வளவுதான்.

மெக்கானிக்: பின்னாடி நம்பர் இருக்குமே.

மாப்பிள்ளை: ரெண்டுலயும் ஒரே நம்பர். நீங்கதானே வெட்டினீங்க.

மெக்கானிக்: வெட்டச் சொன்னது யாரு சார்? ஆறு மாசம் முன்னாடி மாமனார் வாட்ச் இங்க சர்வீஸுக்கு வந்திருக்குன்னு மோப்பம் பிடிச்சு, மறுநாளே உங்க டூப்ளிகேட்டைக் கொண்டு வந்து இதே மேசையில வச்சு, பக்கத்துல வச்சுப் பார்த்து அப்படியே பண்ணுங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு?

மாப்பிள்ளை: நான்தான். ஆனா கொக்கியில இருக்கற கீறல்...

மெக்கானிக்: அதுவும் உங்க உத்தரவுதான். மாமனார் அதைக் கார் கதவுல இடிச்சு வாங்கினார். உங்களுக்குக் கார் இல்லை, ஆனா கீறல் மட்டும் வேணும்னீங்க. நான் லென்ஸைப் போட்டுக்கிட்டு, ஊசியால, நீளம் பார்த்து, ஆழம் பார்த்து... என் வேலையை நானே மெச்சிக்கக் கூடாது.

மாப்பிள்ளை: மெச்சிக்கற நேரமா இது? உள்ள ஓடற மெஷினைப் பார்த்தாவது தெரியுமா, தெரியாதா?

மெக்கானிக்: அதுலயும் நீங்க இடம் வைக்கலையே. மூணு வகை மெஷின் எடுத்துக் காட்டினேன், மறந்து போச்சா? மொத வகையில வினாடி முள் தவளை மாதிரித் தத்தித் தத்திப் போகும்னேன். வேண்டாம்னீங்க.

மாப்பிள்ளை: அசல்ல வழுக்கிக்கிட்டு ஓடுமே.

மெக்கானிக்: ரெண்டாவது ஜப்பான் மெஷின். மாடு மாதிரி உழைக்கும், பத்து வருஷத்துக்கு என் கடைப் பக்கமே வர வேண்டாம்னேன். ஆனா மூடியைத் திறந்தா யாரு வேணும்னாலும் கண்டுபிடிச்சுடலாம்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிட்டேன். உடனே முகம் சுண்டிப் போச்சு.

மாப்பிள்ளை: திறந்தாலும் தெரியக் கூடாதுல்ல.

மெக்கானிக்: யார் சார் திறக்கப் போறா? ஆளை மடக்கி, மூடியைத் திறந்து காட்டுன்னு எந்தப் போலீஸ்காரர் கேட்டிருக்கார்? இருந்தாலும் மூணாவதுதான் வேணும்னீங்க. குளோன். அசலுக்கு அச்சு எடுத்த மாதிரி, திருகாணி வரைக்கும் அதே இடம், அதே சைஸ். கோபக்கார மெஷின், அடிக்கடி படுத்துக்கும், சர்வீஸ் பண்ணியே நான் கிழவனாயிடுவேன்னு சொல்லித்தான் போட்டேன்.

மாப்பிள்ளை: அப்ப உங்களாலயும் முடியாதா?

மெக்கானிக்: என்னால முடியாதுன்னு நான் சொல்லலையே. லென்ஸ் வச்சு நிதானமாப் பார்க்கணும். நாளைக்கு வாங்க.

மாப்பிள்ளை: நாளைக்கா? மாஸ்டர், இன்னைக்குச் சாயங்காலம் வீட்ல எல்லாருக்கும் விருந்து. அந்த வாட்ச்சை என் சகலைக்குக் குடுக்கப் போறார்.

மெக்கானிக்: சின்ன மாப்பிள்ளைக்கா? மூத்தவர் நீங்க இருக்கும்போதா?

மாப்பிள்ளை: அவன் புதுசா ஒரு கிளை திறந்துட்டானாம். காலையில கார்ல வரும்போதே சொல்லிட்டார். "உங்களுக்கு இந்த மாதிரிச் சாமான்ல எல்லாம் நாட்டம் இல்லை மாப்பிள்ளை, நீங்க எளிமையான ஆளு"ன்னு என் முதுகுல தட்டிக் குடுத்தார்.

மெக்கானிக்: அடப்பாவமே.

மாப்பிள்ளை: அதை விடுங்க. எனக்கு வருத்தமே இல்லை. தப்பான வாட்ச் கைமாறி, நாளைக்கு ஏதாவது வெளிய வந்தா வேலையும் போகும், வீடும் போகும். அதுதான் என் பயம். திறங்க மாஸ்டர்.

மெக்கானிக்: சரி. ஒண்ணு இந்தப் பச்சைத் துணி மேல. இன்னொண்ணு இந்தப் பேப்பர் மேல. இனிமே கை வைக்காதீங்க. நானே தொட்டுக்கறேன்... கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க. ம்... ஒரு மூடி வந்துருச்சு...

மாப்பிள்ளை: மாஸ்டர், அந்தப் பச்சைத் துணி வாட்ச் சத்தம் கொஞ்சம் மட்டமா இல்லை?

மெக்கானிக்: மட்டமாவா?

மாப்பிள்ளை: தகர டப்பா மாதிரி. எனக்குக் காது பழகியிருக்கு. எங்க குரூப்ல சந்தேகம்னா என்னைத்தான் கேப்பாங்க. அந்த முள்ளும் லேசா நடுங்குது பாருங்க. பேப்பர் மேல இருக்கறதுல ஒரு கம்பீரம் தெரியலை?

மெக்கானிக்: அது பேப்பரோட கம்பீரமா இருக்கும். கொஞ்சம் பேசாம இருங்க... இன்னொரு மூடியும் வந்துருச்சு... ம்.

மாப்பிள்ளை: என்ன?

மெக்கானிக்: ம்...

மாப்பிள்ளை: என்ன மாஸ்டர், வேர்த்துக் கொட்டுது? ஃபேன் ஓடுதே.

மெக்கானிக்: ஒண்ணும் இல்லை. லென்ஸ் வச்சா எனக்கு அப்படித்தான்... இருங்க, இன்னொரு தடவை... ஆமா. ஆமா சார். ஆமா.

மாப்பிள்ளை: எது? ...ஒரு நிமிஷம், போன். மாமனார். பேசாதீங்க... சொல்லுங்க மாமா... முடிஞ்சுதா மாமா? ...இல்லை மாமா, கேன்டீன்ல இருக்கேன். ஒரு டீ... இந்தச் சத்தமா? அது... கேன்டீன்ல ஒரு கடிகாரம் மாமா. ...இருக்கு மாமா, பத்திரமா இருக்கு. சட்டையைப் போடுங்க, வந்துட்டேன்.

மெக்கானிக்: கேன்டீன் என் கடையை விடச் சுத்தமா இருக்குமே.

மாப்பிள்ளை: சீக்கிரம் சொல்லுங்க. எது அசல்?

மெக்கானிக்: பச்சைத் துணி மேல இருக்கறது.

மாப்பிள்ளை: ...எது?

மெக்கானிக்: பச்சைத் துணி. நீங்க தகர டப்பான்னு சொன்னீங்களே, அது. பேப்பர் மேல இருக்கறது நான் போட்ட குளோன்.

மாப்பிள்ளை: நல்லாப் பார்த்தீங்களா? நிச்சயமாவா?

மெக்கானிக்: என் கடை போர்டு மேல சத்தியம். பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில வர்ற அந்தப் பாலிஷ் குளோன்ல வரவே வராது. பச்சைத் துணி வாட்ச்தான் மாமனார் கைக்குப் போகணும். தப்பித் தவறிக்கூட மாத்திடாதீங்க.

மாப்பிள்ளை: மாத்துவேனா? நான் ஏன் மாத்தப் போறேன்?

மெக்கானிக்: சிரிக்கறீங்களே.

மாப்பிள்ளை: நிம்மதி மாஸ்டர். மனசு லேசாயிடுச்சு. மூடியை மாட்டிக் குடுங்க.

மெக்கானிக்: இருங்க, இதுல ஒரு சிவப்பு நூல் கட்டி விடறேன். வழியில மறுபடியும் நர்ஸ் யாராவது வந்துடப் போறாங்க.

மாப்பிள்ளை: நூல் எல்லாம் வேண்டாம்... சரி, கட்டுங்க. குடுக்கும்போது அவுத்துக்கறேன்.

மெக்கானிக்: நூல் கட்டினது மாமனாருக்கு. நூல் கட்டாதது உங்களுக்கு. ஒரு தடவை சொல்லுங்க பார்க்கலாம்.

மாப்பிள்ளை: என்ன மாஸ்டர், ஸ்கூல் பிள்ளை மாதிரி... நூல் கட்டினது அவருக்கு. போதுமா?

* * *

மெக்கானிக்: வாங்க சார். உங்களைத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து என்ன ஆச்சு? மாமனார் கைக்கு எது போச்சு?

மாப்பிள்ளை: மொதல்ல வாயைத் திறங்க. இந்தாங்க, ஸ்வீட்.

மெக்கானிக்: சர்க்கரை இருக்கு சார். எது போச்சு, அதைச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: நீங்க நூல் கட்டிக் குடுத்ததேதான்.

மெக்கானிக்: நிச்சயமா?

மாப்பிள்ளை: ஸ்கேன் ரூம் வாசல்லயே என் கையால மாட்டி விட்டேன். சாயங்காலம் விருந்துல அதைக் கழட்டி என் சகலை கையில மாட்டினார். மாட்டறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு... உழைப்பு, நேரத்தோட அருமை, நாணயம், அது இதுன்னு. மாமியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. என் மனைவி மட்டும் என்னையே முறைச்சுக்கிட்டு இருந்தா.

மெக்கானிக்: உங்க சகலை?

மாப்பிள்ளை: சாப்பிடும்போது சட்டைக் கையை முட்டி வரைக்கும் மடக்கி விட்டுக்கிட்டான். எதைக் கேட்டாலும் இடது கையாலதான் எடுத்துக் குடுத்தான். மணி என்னன்னு யாரும் கேக்காமலே அஞ்சாறு தடவை சொன்னான். நான் மட்டும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

மெக்கானிக்: நீங்க ஏன் சார் சிரிக்கணும்? அசல் அவர்கிட்டப் போயிடுச்சே.

மாப்பிள்ளை: மாஸ்டர்... உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? கோபப்படக் கூடாது.

மெக்கானிக்: சொல்லுங்க.

மாப்பிள்ளை: வாட்ச் ரெண்டும் கலக்கவே இல்லை.

மெக்கானிக்: நர்ஸ்?

மாப்பிள்ளை: நர்ஸும் இல்லை, கைக்குட்டையும் இல்லை. மாமனார் கழட்டிக் குடுத்ததை வலது பாக்கெட்ல போட்டேன். என்னுது இடது பாக்கெட்ல. அப்படியே நேரா உங்க கடைக்கு வந்தேன். எது எதுன்னு ஒரு நொடிகூட எனக்குச் சந்தேகம் வரலை.

மெக்கானிக்: அப்புறம் எதுக்கு அந்த ஓட்டமும் மூச்சிரைப்பும்?

மாப்பிள்ளை: பரீட்சை. ஊர்ல இந்த வாட்ச்சைத் திறந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களே ஏமாந்துட்டா வேற எவன் கண்டுபிடிக்கப் போறான்? பச்சைத் துணி மேல நீங்க வச்சது என்னோட வாட்ச். அதைப் போய் அசல்னு சத்தியம் பண்ணீங்க. கடை போர்டு மேல. எனக்குச் சிரிப்பை அடக்கத்தான் முடியலை.

மெக்கானிக்: ஓ.

மாப்பிள்ளை: கோபமா?

மெக்கானிக்: இல்லை சார். அப்ப பேப்பர் மேல இருந்தது...

மாப்பிள்ளை: மாமனாரோட அசல். இதோ. இனிமே என்னுது. அந்தச் சகலைப் பய ஆயுசு பூரா டூப்ளிகேட்டைக் கட்டிக்கிட்டு மணி சொல்லிக்கிட்டே திரியட்டும்.

மெக்கானிக்: ஆனா இதையும் நீங்க வெளிய கட்ட முடியாதே.

மாப்பிள்ளை: அதனால என்ன? பாத்ரூம் இருக்கு. அசல்ங்கற நெனைப்பு போதும் மாஸ்டர். ராத்திரியெல்லாம் காதுல வச்சுக் கேட்டேன். என்ன ஒரு சத்தம்... அதுக்கும் நம்ம குளோனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதுக்கு ஒரு முழு சர்வீஸ் பண்ணுங்க. உள்ளதுல நல்ல எண்ணெயாப் போடுங்க.

மெக்கானிக்: குடுங்க... மூடியைத் திறக்கறேன். இங்க குனிஞ்சு பாருங்க. மூடி ஓரத்துல வட்டமா ஒரு கறை தெரியுதா?

மாப்பிள்ளை: தெரியுது. என்ன அது?

மெக்கானிக்: தண்ணி இறங்கின கறை. நாலு மாசம் முன்னாடி உங்க மாமனார் வந்தார். கை கழுவினா கண்ணாடிக்குள்ள பனி படியுது, என்ன சர்வீஸ் பண்ணீங்கன்னு சத்தம் போட்டார்.

மாப்பிள்ளை: பார்த்தீங்களா? மாமனாரோடதுதான். நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க.

மெக்கானிக்: மாமனார் கட்டியிருந்தது இதுதான், இல்லைங்கலை. அன்னைக்கும் இப்படித்தான் திறந்தேன். திறந்ததும் எனக்குக் கை கால் ஓடலை. உள்ள ஓடினது நான் போட்ட குளோன்.

மாப்பிள்ளை: ...என்ன சொல்றீங்க?

மெக்கானிக்: நம்பர் ஒண்ணு, கீறல் ஒண்ணு. ரெண்டுக்கும் மூடியைப் போட்டு மேசையில வச்சப்புறம், எது எதுன்னு எனக்கே தெரியலை. திரும்பத் திறந்து பார்த்திருக்கணும். என் கண்ணு மேல எனக்கு அவ்வளவு திமிர். ஆளுக்கு ஒரு பையில போட்டுக் குடுக்கும்போது பை மாறிடுச்சு. மாமனார்கிட்டச் சொன்னா கடையைப் பூட்டிடுவார். உங்ககிட்டச் சொன்னா திருப்பியே குடுத்திருக்க மாட்டீங்க. சர்வீஸ்னு கூப்பிட்டும் பார்த்தேன், நீங்க வரலை. வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

மாப்பிள்ளை: அப்ப... ஆறு மாசமா என் பையில இருந்தது... நான் பாத்ரூம்ல கட்டிப் பார்த்தது...

மெக்கானிக்: அசல் சார். நேத்து நான் உள்ளதைத்தான் சொன்னேன். நீங்கதான் அதைப் பொய்னு நம்பிக் கொண்டு போய்ச் சகலை கையில சேர்த்துட்டு வந்திருக்கீங்க.