ரசத்தில் கரைந்த மீன்

பெருங்காயம் கட்டியாக இருந்தால்தான் ரசத்துக்கு மணம். இங்கே ஹடப்சர் கடைகளில் கிடைக்கிற பொடி உதவாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் வைஷாலி மேடம். மராத்தியில் எனக்குக் காய்கறி வாங்கத்தான் வரும். தமிழில் சொல்கிறேன், யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

என் கணவர் மகாதேவன், நான் சமைத்ததைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார். எங்கள் ஒரே மகள் ப்ரியம்வதா, மீன் சாப்பிடும் ரத்னாகிரிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றே அவளைத் தலைமுழுகிவிட்டார். நிறைமாதமாக அவள் வாசலில் வந்து நின்றபோது, நின்ற இடத்தில் பினாயில் ஊற்றச் சொன்னார்.

"மீன் நாத்தம் போகல பாரு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவள் காதுபடத்தான் சொன்னார். நான் ஊற்றினேன்.

அதற்குப் பிறகும் அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கு அவள்தான் பொடி கொடுத்தனுப்பினாள். மாப்பிள்ளை வேலை பார்க்கும் தளேகாவ் தொழிற்சாலையில், மீன் புரதத்தை நுணுக்கமாக உடைத்துச் செய்வது.

"மாத்திரையை நிறுத்திடாதேம்மா, இது கூடச் சேத்துக்கத்தான். அப்பாகிட்ட மீனுன்னு சொல்லிடு" என்றாள் போனில்.

சொல்லவில்லை. ரசத்தில் கரைத்தேன், வாசனையைப் பெருங்காயம் பார்த்துக்கொண்டது. அழுத்தம் கொஞ்சம் இறங்கியது.

"டாக்டர் மாத்திரை என்னமா கேக்கறது பாத்தியா, விசாலம்?" என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பெண் கொடுத்ததுக்குப் பேர் வர வேண்டாமா? மாத்திரை டப்பாவைக் காலி செய்து கால்சியம் மாத்திரைகளை நிரப்பினேன். மீன் மட்டுமே அவரைக் காப்பாற்றட்டும், பிறகு சொல்லிக்காட்டலாம் என்றுதான். பிரஷர் பார்க்கும் மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. அவருக்குக் கண்புரை, நான்தான் படித்துச் சொல்வேன். நார்மல் என்றே சொல்லிவந்தேன்.

அன்று சாப்பிட்டு எழுந்தவர் ஹாலில் சரிந்தார். வாய் கோணிவிட்டது, பேச்சில்லை. ஆம்புலன்ஸுக்கு ஏன் உடனே போன் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். அவருக்கு நினைவு இருக்கும்போதே சொல்ல வேண்டாமா? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க தினமும் சாப்ட்டது மீனு. உங்க பொண்ணு குடுத்தது."

குமட்டினார், துப்ப முடியவில்லை. பினாயில் ஊற்றியதையும் நிதானமாக ஞாபகப்படுத்தினேன். பிறகுதான் போனை எடுத்தேன்.

கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ப்ரியம்வதாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். கடைசியில் அப்பா கண்ணில் தண்ணீர் வந்தது. அவளை ஏற்றுக்கொண்டுதான் போனார்.