காற்றைப் பூச்சியத்தில் வைத்தவள்

"இந்தக் காத்த எப்பிடிப் புள்ள சமாளிக்கிறது?" என்று அஹ்ஸன் காக்கா ஒருமுறை கேட்டார். என் கூடப்பிறந்த மூத்தவர். கம்பியூட்டரில் சிமியுலேட்டர் போட்டு, விமானத்தைக் கையால் தரையிறக்கப் பழகிக்கொண்டிருந்தார். அதிலுள்ள ஆங்கில விளக்கங்களை வாசித்துத் தமிழில் கொப்பியில் எழுதிக் கொடுப்பதும், சிமியுலேட்டரின் அமைப்புகளைச் சரிசெய்து வைப்பதும் என் வேலை. ஓஎல் சோதனை எழுதாமல் பள்ளியை விட்டவள் நான். வகுப்பில் வாய் திறக்கத்தான் வெட்கம், வாசிக்க வெட்கமில்லை.

எங்கள் ஊர்க் கச்சான் காற்று மாதிரிப் பக்கவாட்டில் அடித்தால், விமானத்தின் மூக்கைக் காற்றுக்குத் திருப்பி வந்து, சில்லு தரையைத் தொடும் நேரம் நேராக்க வேண்டும். காக்கா முதல் கிழமை முழுக்க ஓடுபாதைக்கு வெளியே விழுந்தார். சோறும் தின்னவில்லை. பாவமாக இருந்தது. சிமியுலேட்டரில் காற்றைப் பூச்சியத்தில் வைத்தேன்.

அதன்பிறகு எல்லாம் அழகாக இறங்கின. காற்றை வென்றுவிட்டதாக அவர் நினைத்தார். உம்மா பக்கத்து வீட்டு நஸீறா மாமியைக் கூட்டிவந்து காட்டினார். "மருமகன், ஹஜ்ஜுக்கு எங்களையும் ஏத்திட்டுப் போங்க. ஜன்னல் பக்கம் எனக்கு" என்று மாமி பகிடி விட்டார்.

காக்கா கடைக்குப் போகும் பகல்களில் நான் காற்றைப் போட்டுப் பழகினேன். முடிந்ததும் மறக்காமல் பூச்சியத்துக்கு மாற்றி வைப்பேன். அவரிடம் சொல்ல ஒரு நல்ல நேரம் வரவில்லை.

எனக்குச் சீதன வீடு கட்ட வைத்திருந்த வளவுக் காணியை விற்றுத்தான் வாப்பா அவரைக் கொழும்பில் விமானம் ஓட்டப் படிப்பிக்க இருந்தார். "ஒனக்குப் பிறகு பாப்பம் மகள்" என்றார். நான் ஓம் என்றேன். அதற்கும் நான் காற்றைப் பூச்சியத்தில் வைத்ததற்கும் தொடர்பில்லை.

கொழும்பில், சேர்க்குமுன் சிமியுலேட்டரில் இறக்கிக் காட்டச் சொன்னார்களாம். காற்றும் வைத்தார்களாம். மூன்று தடவையும் வெளியே விழுந்தார். வயதெல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. இனி விண்ணப்பிக்க ஏலாது. வளவு விற்கப்படவில்லை.

நேற்று அவரைத் தேற்ற நினைத்தேன். பக்கத்தில் இருத்தி, காற்றைக் கூட்டி, இறக்கிக் காட்டினேன். சரியாக நடுக்கோட்டில்.

"எத்தின நாளாப் பழகுற?" என்று கேட்டார்.

"நாலு மாசம் காக்கா. உங்களோட சேந்துதான்."

"இந்தக் காத்தோடயா?"

"நான் பழகக்குள்ள மட்டும் போடுவன். உங்களுக்குக் கஷ்டம்தானே."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இறக்கினாய் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.